பெருமாளுக்கு மட்டும் திரை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, நண்பன் இழுத்துப் போனதால், சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஃபேஷன் ஷோக்களின் பேக்ஸ்டேஜில் எடுத்த படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, ஆளுயர பிரிண்ட். பாதி மேக்கப் போட்ட முகம். ஒரு முதுகில் கொக்கி மாட்டும் நான்கு கைகள். கல் வைத்து இழைத்த லெஹங்காவோடு தரையில் உட்கார்ந்து கப் நூடுல்ஸ் சாப்பிடும் ஒரு பெண். ராம்ப்பில் நாம் பார்ப்பது வேஷம், இங்கே இருப்பதுதான் நிஜம் என்கிற மாதிரி சுவரில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்.

நூடுல்ஸ் படத்துக்குக் கீழே இருந்த அட்டையைப் படித்தேன். எடுத்தவர் பெயர் இருந்தது. டிசைனர் பெயர் இருந்தது. எந்தக் காகிதத்தில் அச்சிட்டது, மொத்தம் எத்தனை பிரதி, இது எத்தனையாவது என்பதெல்லாம் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. அங்கே நின்றிருந்த தம்பியிடம் கேட்டேன். "பேர் போட்டா அது ஒரு ஆளோட போட்டோ ஆயிடும் சார். பேர் இல்லன்னாதான் ஆர்ட்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார்.

சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பும் செங்கல்பட்டு ரயிலில், தாம்பரம் தாண்டியும் அந்தப் பதில் என்னை விடவில்லை. ஏறக்குறைய அதே பதிலை நானும் ஒரு பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பக்கம் படித்தவர்களுக்குத் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டு இன்ஜினியரிங் காலேஜ்களில் கல்ச்சுரல்ஸ் என்றால் கடைசி நாள் ராத்திரி ஃபேஷன் ஷோ இருக்கும். மூன்றாம் வருஷம் படிக்கும்போது, கையில் ஒரு டிஎஸ்எல்ஆர் இருந்த ஒரே தகுதியில், நான் அஃபீஷியல் போட்டோகிராஃபர். கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அதைக் காட்டினால் எந்தக் கதவும் திறக்கும். பெஞ்சுகளை ஓரம் தள்ளி ஒரு வகுப்பறையை கிரீன் ரூம் ஆக்கியிருந்தார்கள். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி சேஃப்டி பின்னோடு போராடிக்கொண்டிருந்தாள். எடுத்தேன். படம் எப்படி இருந்தது என்று இதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. அவளிடம் கேட்காமல் ஒரு தடவை காட்டியது போதும்.

அடுத்த மாதம் வேறொரு காலேஜ் நடத்திய போட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. 1,500 ரூபாய். எங்கள் டிபார்ட்மெண்ட் போர்டில் பெருமையாக ஒட்டினோம். மறுநாள் அவள் வந்து, "அதை எடுத்துடேன், ப்ளீஸ். எங்க வீட்ல யாராவது பாத்தா பிரச்சனை ஆயிடும்" என்றாள். நான் சொன்ன பதில் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "நீ அதுல உன்னை மட்டும் பாக்குற. உன்னைத் தாண்டி ஒண்ணு இருக்கு அதுல. அது ஆர்ட்." கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். செமஸ்டர் முடியும்வரை படம் போர்டில் இருந்தது. அடுத்த வருஷ ஷோவில் அவள் கலந்துகொள்ளவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையை வெளியே நின்று கல் எறிகிறவன் எழுதவில்லை. பேக்ஸ்டேஜ் படம் கலையாக முடியாது என்றும் நான் சொல்ல வரவில்லை. எழுபதுகளின் கடைசியில் ராக்ஸேன் லோவிட் என்ற துணி வடிவமைப்பாளர் கையடக்கக் கேமரா ஒன்றை எடுத்துக்கொண்டு ஷோக்களின் பின்கட்டுக்குள் நுழைந்தார். மேடையைவிடப் பின்கட்டில்தான் படம் இருக்கிறது என்று ஒரு தலைமுறைக்கே காட்டினார். அலெக்சாண்டர் மெக்வீனின் ஷோக்களில் ராபர்ட் ஃபேரர் எடுத்த பேக்ஸ்டேஜ் படங்கள் 2016-இல் கனமான புத்தகமாக வந்தன. அவற்றில் இருக்கும் அவசரம், பயம், கடைசி நிமிஷக் கூத்து எதுவும் ராம்ப் படத்தில் கிடைக்காது. அழகில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'கலை' என்று பெயர் வைத்த நிமிஷத்தில், படத்தில் இருப்பவருக்கு நாம் பட்ட கடனெல்லாம் தள்ளுபடி ஆகிவிடுகிறதே, என் சண்டை அதோடுதான்.

முதலில் அந்த 'நிஜம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஃபேஷன் வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து மேற்கே காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் போனால் கூத்து நடக்கும் கிராமங்கள். கூத்தாடிகள் வேஷம் கட்டும் கொட்டகையில் எடுத்த படம் நீங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்? துரியோதனன் பீடி குடிக்கிறான். கிரீடம் வைத்தவர் செல்போன் பேசுகிறார். திரௌபதி வேஷக்காரர் சவரம் செய்துகொள்கிறார். நானும் எடுத்திருக்கிறேன். லைக் நன்றாக விழும். இந்தப் படங்கள் எல்லாமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பாருங்கள், புராணத்துக்குள்ளே ஒரு சாதாரண மனுஷன்!

இது யாருக்கு ஆச்சரியம்? அந்த ஊர்க்காரர்களுக்கு இல்லை. கொட்டகைப் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். துரியோதனன் பீடி குடிப்பது கேமராவோடு கார் எடுத்து வந்தவருக்கு மட்டும்தான் ஆச்சரியம். நூடுல்ஸ் சாப்பிடும் மாடல் அதே துரியோதனன். லெஹங்கா போட்டவளுக்குப் பசிக்கும் என்பது கண்டுபிடிப்பா என்ன?

இதில் ஆச்சரியத்தைவிட மோசமான ஒன்று இருக்கிறது. ஒரு கூத்துக் கலைஞர் இருபது வருஷம் பாடுபட்டுப் பழகியது அடவும் பாட்டும். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கத்தில் சாய்ந்த ஊரையே எழுப்பி உட்கார வைக்கும் அந்தக் குரல்தான் அவர் சம்பாதித்தது. அதை வேஷம் என்று ஒதுக்கிவிட்டு, பீடியை நிஜம் என்று சட்டம் போட்டு மாட்டுகிறோம். மாடலுக்கும் இதேதான். அவள் கற்றுக்கொண்ட தொழில் நடை. உடம்பை நிறுத்துவது, தோளைப் பிடிப்பது, வெளிச்சத்துக்குக் கண் கூசாமல் இருப்பது. தொழில் பொய், பசி மெய் என்றால் அது அவளுக்குக் கொடுக்கும் மரியாதையா? என் ஆபீஸில் நான் எழுதும் கோட் பொய், சீட்டில் நான் தூங்கி வழிவதுதான் நிஜம் என்று ஒருவன் படமெடுத்து மாட்டினால் எனக்கு எப்படி இருக்கும்?

இந்த 'நிஜம்' எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் சித்திரையில் விழுப்புரம் போங்கள். கூவாகம் திருவிழாவுக்கு முன்னால் அங்கே திருநங்கைகளுக்கான அழகிப் போட்டி நடக்கும். மிஸ் கூவாகம். தமிழ்நாட்டில் இவ்வளவு கேமராக்கள் மொய்க்கும் ஃபேஷன் ஷோ வேறு உண்டா என்று தெரியவில்லை. அந்தக் கேமராக்களுக்கும் மேடையைவிட மேக்கப் அறை மேல்தான் மோகம். உடைந்த கண்ணாடி, லிப்ஸ்டிக், தாடையில் லேசாகத் தெரியும் சவரம். இந்த மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிட்டால் அது 'கலைப் படம்'. மேக்கப்புக்கு முன்னால் இருப்பதுதான் நிஜம் என்ற சூத்திரத்தை இங்கே போட்டுப் பாருங்கள். சவரத் தழும்பு நிஜம், பெண் வேஷம் என்று விடை வரும். ஒருத்தி வீட்டையும் ஊரையும் எதிர்த்து, அடிபட்டு, உயிரைப் பணயம் வைத்து மறுத்த அதே பொய்யை நாம் கறுப்பு வெள்ளையில், மென்மையான ஒளியில், அவள் முகத்துக்கு நேரே திருப்பிச் சொல்கிறோம். ஒருவர் ஆணா பெண்ணா மூன்றாம் பாலினமா என்பதை அவரே சொல்லிக்கொள்ள உரிமை உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேமரா இன்னும் அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை.

அடுத்தது, கழுத்தில் தொங்கும் அந்த அட்டை. பேக்ஸ்டேஜ் படத்தைக் கலையாக்குவது கண் என்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு பாஸ் வேண்டும். அந்தப் பாஸைக் கொடுப்பவர் டிசைனர், ஸ்பான்சர், அமைப்பாளர். உடை மாற்றிக்கொண்டிருப்பவர் கொடுப்பதில்லை. எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு டேட்டாபேஸைத் திறக்க எனக்கு ஆக்சஸ் இருக்கலாம். அதில் இருக்கும் வாடிக்கையாளரின் மருத்துவ விவரத்தை அச்சடித்துச் சுவரில் மாட்ட உரிமை இல்லை. இரண்டையும் குழப்பினால் வேலை போய்விடும். கலையில் குழப்பினால் விருது கிடைக்கிறது.

இது இன்று தொடங்கிய கதையும் இல்லை. பேக்ஸ்டேஜ் கலைக்கு எல்லோரும் மூதாதையாகக் காட்டுவது ஓவியர் எட்கர் தெகாவை. பாரிஸ் ஆபராவின் நடனப் பெண்கள் சோம்பல் முறிப்பதையும் கால் தேய்ப்பதையும் செருப்பு நாடா கட்டுவதையும் வரைந்தவர். அந்தக் காலத்தில் ஆபராவின் பின்கட்டுக்குள் போக யாருக்கு அனுமதி என்றால், வருஷச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு. அந்தப் பெண்களில் பலர் ஏழை வீட்டுச் சிறுமிகள். தெகாவின் படங்களிலேயே ஓரத்தில் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக அந்த ஆண்கள் நிற்பார்கள். 1881-இல் அவர் காட்சிக்கு வைத்த சிறு நடனக்காரி சிலைக்கு மாடலாக நின்றவள் மரீ வான் கோதெம். அப்பா தையல்காரர், அம்மா சலவைத் தொழிலாளி. மறு வருஷமே அவளை ஆபராவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவள் என்ன ஆனாள் என்பதற்கு வரலாற்றில் தடம் இல்லை. அந்தச் சிலையின் வெண்கல வார்ப்பு ஒன்று 2022-இல் நியூயார்க் ஏலத்தில் நான்கு கோடி டாலருக்கு மேல் போனது. தெகா மோசமான கலைஞர் என்று சொல்லவில்லை. மகத்தான கலைஞர். அந்த மகத்துவத்தால் மரீக்கு ஒரு வேளைச் சோறு அதிகம் கிடைத்ததா என்று மட்டும் கேட்கிறேன்.

இப்போதெல்லாம் மாறிவிட்டது என்பீர்கள். சாரா ஸிஃப் என்ற மாடல் 2009-இல் 'பிக்சர் மீ' என்ற ஆவணப்படத்தைக் கூட்டாக இயக்கினார். மாடல்களே தங்கள் தொழிலைப் பற்றிப் பேசிய படம். பிறகு 2012-இல் மாடல்களுக்காக ஒரு அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் விடாமல் கேட்டதன் பலனாக நியூயார்க் ஃபேஷன் வீக்கில் மாடல்கள் உடை மாற்றத் தனித் தடுப்பு வந்தது. எந்த வருஷம் தெரியுமா? 2018. ஒரு துணித் தடுப்பு கட்டுவதற்கு அவ்வளவு காலம். அதற்கு முன்னால் அந்தத் திறந்த கூடத்தில் எடுத்த எத்தனை படங்கள் இன்று கலைப் புத்தகங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் நம் கலை ரசனையைவிடக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 354சி பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 77, பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுப்பதைப் பற்றியது. அதில் ஒரு விளக்கம் வருகிறது. எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்காத படத்தைப் பரப்பினால் அதுவும் குற்றம். அதாவது எடுப்பதற்கு ஒரு சம்மதம், காட்டுவதற்கு இன்னொரு சம்மதம். சட்டம் சொல்வது மிகக் குறுகிய ஒரு வகைப் படத்தை மட்டும்தான். சேஃப்டி பின்னும் நூடுல்ஸும் அதற்குள் வராது. ஆனால் அதிலுள்ள நியாயத்தை நாமாக நீட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. இன்னொரு பக்கம் காப்புரிமைச் சட்டம்: படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர்தான். முகம் கொடுத்தவருக்கு அதில் ஒரு மூலைகூடச் சொந்தமில்லை.

சரி, பேக்ஸ்டேஜ் எங்கே முடிகிறது? மேக்கப் அறையோடு முடிந்துவிடுகிறதா?

என் அத்தை தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வந்த பிறகு, காலை ரயிலில் சாப்பாட்டுக் கூடையோடு ஏறும் பெண்கள் கூட்டம் இந்தத் தடத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அத்தைக்கு டிரிம்மிங், பிறகு செக்கிங். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு வெட்டுவது, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது. நாள் முழுக்க நின்றுகொண்டே. ஷிப்மெண்ட் நாளில் வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். அவர் வேலை செய்யும் இடத்தை ஒரு சீரிஸாக எடுக்கலாம் என்று ஒருமுறை கேட்டேன். "கேட்லயே போனை வாங்கி வெச்சுக்குவான்டா. எங்கேர்ந்து எடுப்ப?" என்று சிரித்தார். இருபது வருஷ உழைப்புக்கு அவரிடம் இருக்கும் ஒரே படம் ஐடி கார்டில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

ஆக, உடை மாற்றும் பெண்ணின் முதுகு வரைக்கும் போக கேமராவுக்கு வழி உண்டு. அந்த உடையைத் தைத்த கை வரைக்கும் போக வழி இல்லை. ஃபேஷனின் பேக்ஸ்டேஜ் என்று நமக்குக் காட்டுவது, ஃபேஷன் நம்மைப் பார்க்க விட்ட இடம். அதுவும் ஒரு மேடைதான். அதையும் யாரோ அமைத்திருக்கிறார்கள், யாரோ விற்கிறார்கள்.

அந்த இன்னொரு பேக்ஸ்டேஜின் கதவு 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் உடைந்து திறந்தது. ராணா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். இடிபாட்டுக்குள் அணைத்தபடி இறந்துகிடந்த ஓர் ஆணையும் பெண்ணையும் தஸ்லிமா அக்தர் எடுத்த படத்தை உலகமே பார்த்தது. அவர்களிடம் மட்டும் யார் அனுமதி கேட்டார்கள் என்று நீங்கள் என்னை மடக்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த பதில் இது: தஸ்லிமா அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆடைத் தொழிலாளர்களோடு சேர்ந்து இயங்கியவர். அந்தப் படம் செத்தவர்களைப் பார்த்து ரசிக்கச் சொல்லவில்லை, கொன்றவர்கள் யார் என்று கேட்கச் சொன்னது. செத்தவர் வாய் திறக்க முடியாதபோது அவர் தரப்பில் நின்று எடுத்த படம் அது. உயிரோடு, கைக்கெட்டும் தூரத்தில், வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்லக்கூடியவளிடம் கேட்காமல் எடுப்பதற்கு அதைச் சாக்காகக் காட்ட முடியாது.

"கேட்டால் போஸ் கொடுத்துவிடுவார்கள், இயல்பு போய்விடும்." எந்தப் புகைப்படக்காரரிடம் பேசினாலும் கடைசியில் வருவது இந்த வாதம். நான் தயாநிதா சிங்கைக் காட்டுவேன். 1989-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லியில் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார். மோனா அகமதைச் சந்தித்தார். எடுத்தார். படம் லண்டனில் வரப்போகிறது என்று தெரிந்ததும் மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். தயாநிதா கொடுத்துவிட்டார். ஃபிலிம் ரோலையே. டிஜிட்டல் காலத்தில் பிறந்த நமக்கு அதன் கனம் புரியாது. அந்த ரோல் போனால் அந்த நாள் முழுக்கப் போச்சு, காப்பி கிடையாது. அந்த ரோலிலிருந்து ஒரு நட்பு தொடங்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2001-இல், 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகமாக வந்தது. அதில் எழுத்து மோனாவுடையது. இயல்பு போய்விட்டதா? இந்தியப் புகைப்படக் கலையில் அதைவிட நெருக்கமான புத்தகம் எனக்குத் தெரியாது. நம்மிடமே 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் எம். பழனிக்குமார் இருக்கிறார். படமெடுத்ததோடு நிற்காமல், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துக் கற்றும் கொடுக்கிறார். கேட்பதால் கலை சாகவில்லை. நாம் ஒரு ராத்திரியில் எடுத்து முடிக்க நினைத்ததற்குப் பத்து வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். நமக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அதற்கு 'இயல்பு' என்று பெயர் வைக்க வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பெருமாள் பாடலாத்ரி நரசிம்மர். குன்றைக் குடைந்து எழுப்பிய கோயில். அவருக்கு மூன்று கண். தீபாராதனையின்போது பட்டர் நெற்றி நாமத்தைச் சற்றே விலக்கி மூன்றாவது கண்ணைக் காட்டுவார். சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் சிலிர்க்கும். ஆனால் அலங்காரம் நடக்கும்போது திரை போட்டுவிடுவார்கள். திரைக்கு வெளியே நாங்கள் அரை மணி, முக்கால் மணி காத்திருப்போம். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அலங்காரத்துக்கு முன்னால் இருப்பதுதான் நிஜம், மற்றதெல்லாம் வேஷம் என்று அங்கே யாரும் பேசுவதில்லை. உடுத்திக்கொள்ளும் நேரம் அவருடையது என்று கல்லுக்கு விட்டுக்கொடுக்கத் தெரிந்த ஊர் இது. அதே தெருவில் வளர்ந்த நான், எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அதை விட்டுக்கொடுக்கவில்லை.

கண்காட்சியில் அந்த நூடுல்ஸ் படத்தை நானும் என் போனில் எடுத்து வந்திருந்தேன். பழக்கதோஷம். ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தபோது காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் லெஹங்காவின் ஓரத்தைப் பார்த்து, "ஹெம்மிங் கையில பண்ணியிருக்காங்க, நல்லா இருக்கு" என்றார். அப்புறம், "யாருடா இந்தப் பொண்ணு? ஒரு வாய் நிம்மதியா சாப்பிட விடாம எடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். பெயர் தெரியாது என்றேன். "கேக்க வேண்டியதுதான?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இந்தக் கட்டுரையை அனுப்பியபோது, காலேஜில் பரிசு வாங்கிய அந்தப் படம் இருந்தால் கூடவே போடலாமே என்று இதழிலிருந்து கேட்டார்கள். படம் இருக்கிறது. ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் பதினைந்து வருஷமாக இருக்கிறது. அழிப்பதா, அவளைத் தேடிப் பிடித்துக் கேட்பதா, இத்தனை வருஷம் கழித்து அப்படித் தேடுவதும் இன்னொரு எட்டிப் பார்த்தலா என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்ப முடியாது என்று மட்டும் பதில் எழுதினேன்.